மூச்சுக்கு டப்பிங்

வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்பார்கள். பிள்ளை பெற்ற பிறகு வாய்விட்டுச் சிரித்தபோதெல்லாம் எனக்கு வேறு ஏதோ விட்டுப்போனது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. சிரித்தால், இருமினால், தும்மினால் உள்ளாடை நனைந்தது. வேறொருத்தியாக இருந்தால் தும்மலோடு பயம் நின்றிருக்கும். எனக்குச் சோறு போடுவதே சிரிப்புதான்.

நான் டப்பிங் பேசுகிறவள். திரையில் நடிகை உதட்டை அசைக்க, இருட்டறையில் மைக் முன்னால் நின்று குரல் கொடுப்பேன். அந்த நடிகைகளில் ஒருத்திக்கு, அவளுடைய முதல் படத்திலிருந்தே நான்தான். அவள் சிரிப்பு மேலே ஏறி, சரிந்து, மூச்சு முட்டி, மறுபடி ஏறும். அதைக் கேட்பதற்காகவே படத்துக்குப் போகிறவர்கள் உண்டு. அவளை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் என் பல்வரிசையைவிட அவள் பல்வரிசை எனக்கு நன்றாகத் தெரியும்.

பிரசவத்துக்குப் பிறகு பகல் தூக்கத்தில் அவளுடைய உதடுகள் மட்டும் வரும். திரைச்சீலையைத் தாண்டி, வெயிலில் மிதந்துகொண்டு, கட்டிலருகே வந்து திறக்கும். நானும் வாயைத் திறப்பேன். சத்தம் வராது. உதடுகள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மூடிக்கொள்ளும். விழித்தால் மார்பில் பிள்ளை இருப்பான். எது கனவு, எது வீடு என்று தெரிய சற்று நேரம் பிடிக்கும்.

அப்படியொரு மதியம் சவுண்ட் இன்ஜினியர் போன் செய்தான்.

"அக்கா, புதுப் படத்துல நீளமா ஒரு சிரிப்பு இருக்கு. டைரக்டர் உங்களுக்காகத்தான் நிறுத்தி வெச்சிருக்காரு. ஆனா ரொம்ப நாள் வெச்சிருக்க மாட்டாரு. வேற ஒரு பொண்ணு வாய்ஸ் டெஸ்ட் குடுத்துட்டுப் போயிருக்கா."

"எப்படிப் பண்ணியிருக்கா?"

"நல்லாப் பண்ணியிருக்காக்கா. அதனாலதான் போன் பண்றேன்."

ஒரு முகத்தில் வேறு குரல் ஒரு தடவை ஏறிவிட்டால் பிறகு இறங்காது.

நனைவதை நாத்தனாரிடம் சொன்னேன். அவளிடம் எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு.

"இறுக்கிப் புடிச்சுக்கோ. எந்நேரமும் இறுக்கியே வெச்சுக்கோ. நான் மூணு பெத்தவ. இன்னிக்கும் தும்மல் வருதுன்னா காலைக் கோத்துக்கிட்டு நின்னுடுவேன். இது யாருக்காவது தெரியுமா?"

"இப்ப எனக்குத் தெரியும்."

"வாயாடாம சொன்னதைச் செய்."

செய்தேன். பாத்திரம் கழுவும்போது இறுக்கினேன், பால் கொடுக்கும்போது இறுக்கினேன், தூங்கும்போதும் இறுக்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். வீட்டில் சிரிப்பதை அடியோடு நிறுத்தினேன். கணவர் ஜோக் சொல்ல ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். தன் ஜோக்குகள் சரியில்லை என்று அவர் எண்ணிக்கொண்டார். அதில் பாதி உண்மை. எனக்கு நனைவது மட்டும் அதிகமானது.

கடைசியில் மருந்துக்கடை மாடியில் இருந்த பிசியோதெரபி அறைக்குப் போனேன். வெளிர்பச்சைத் திரைச்சீலை, ஒரு கட்டில், மூலையில் ஒரு பெரிய ரப்பர் பந்து, மேசைமேல் பிளாஸ்டிக்கில் ஓர் இடுப்பெலும்பு. பிசியோ என்னைவிடச் சின்னவள். அந்த எலும்பைக் கையில் எடுத்து, அடியில் இருந்த திறப்பைத் தன் உள்ளங்கையால் மூடிக் காட்டினாள்.

"இந்த இடத்துல தசை இருக்குக்கா. கீழ துணி கட்டின மாதிரி. வயித்துல இருந்தவரைக்கும் உங்க பிள்ளையோட பாரத்தை இதுதான் தாங்குச்சு. உள்ள விரல் வெச்சுப் பாத்தா இதோட நிலைமை சரியாத் தெரியும். உங்களுக்குச் சம்மதம்னாதான்."

"வேணாம்மா. பிரசவத்துல ஊரே பாத்தாச்சு. இனிக் கொஞ்ச காலம் யாரும் பாக்க வேணாம்."

அவள் வற்புறுத்தவில்லை. "அப்ப மூச்சுலேர்ந்து ஆரம்பிக்கலாம். இழுக்கும்போது கீழ எல்லாம் தளர்ந்து இறங்கணும். விடும்போது தானா எழும்பும். முதல்ல விடத் தெரியணும். பிடிக்கறது அப்புறம்" என்றாள்.

மூச்சு விடுவதற்கு எனக்கா சொல்லித் தரவேண்டும்! அழுது ஓய்ந்த மூச்சு, பொய் சொல்லித் தப்பித்த மூச்சு, காதலன் தெருமுனை திரும்பியதும் வரும் மூச்சு என்று என்னிடம் ஒரு கடையே இருக்கிறது. அதிலிருந்து நல்ல நிம்மதிப் பெருமூச்சாக எடுத்துக் கொடுத்தேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். அவள் தோளே தளர்ந்து இறங்கியது.

"அழகா வருதுக்கா. தினமும் இதையே பண்ணுங்க."

தினமும் பண்ணினேன். வாரங்கள் போயின. துளி முன்னேற்றம் இல்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பதுபோல மின்விசிறியைக் குறை சொன்னேன், பந்தைக் குறை சொன்னேன், அவள் படிப்பையும் விட்டுவைக்கவில்லை. அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். ஸ்டுடியோவில் ஒலிப்பதிவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள்.

"சரி, உள்ளேயே பாரு" என்றேன். "தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. சாண் என்ன, முழம் என்ன."

கையுறை போட்டுக்கொண்டாள். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டே செய்தாள். "இப்ப மூச்சு விடுங்கக்கா."

என் புகழ்பெற்ற பெருமூச்சை விட்டேன். அவள் தலையைச் சாய்த்துக் கவனித்தாள்.

"இன்னொரு தடவை."

விட்டேன்.

"அக்கா, சத்தம் பிரமாதம். ஆனா இங்க ஒண்ணுமே நடக்கலை. கல்லு மாதிரி இருக்கு. நீங்க மூச்சுக்கு டப்பிங் குடுத்துட்டு இருக்கீங்க."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "அப்ப இத்தனை நாள் அழகா வருதுன்னியே?"

"சத்தத்தைக் கேட்டு நானும் ஏமாந்துட்டேன், தப்புதான். இது பலவீனம் மட்டும் இல்லக்கா. ஓய்வே இல்லாம இறுகிக் கிடந்து களைச்சுப் போச்சு. தும்மல் வரும்போது இன்னும் இறுக்க இதுக்குத் தெம்பு இல்ல."

கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. மைக் முன்னால் வயிறு கூட உறுமக் கூடாது, துணி கூட உரசக் கூடாது. கழுத்துக்குக் கீழே தூணாக நின்றுகொண்டு தொண்டையால் மட்டும் அழுது சிரித்துப் பழகியவள் நான். பிரசவ அறையில்கூட நர்ஸ், "சத்தம் நல்லா வருதும்மா, முக்கறதைத்தான் காணோம்" என்றாளே. பத்து வருடமாக நான் ஒரு மூச்சைக்கூட உண்மையாக விட்டதில்லையோ என்று தோன்றியது. அழுகை வந்தது.

"எப்படி விடறதுன்னே எனக்குத் தெரியலைம்மா."

"சத்தமே இல்லாம விடுங்க. இங்க மைக் இல்ல. யாரும் கேக்கலை."

சத்தமில்லாமல் இழுத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. திரைச்சீலை காற்றில் உப்பி, தணிந்து, மறுபடி உப்பியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் யாரோ ஒரு ஷட்டரை இழுத்தார்கள். அந்தச் சத்தம் எங்கோ தண்ணீருக்கு மேலே நடப்பதுபோல இருந்தது. பிறகு, நான் எதுவும் செய்யாமலே, அடியில் ஏதோ ஒன்று மெல்ல இறங்கியது. தூங்கிப்போன பிள்ளையின் கை விரிவதுபோல விரிந்தது. கட்டில் என்னைத் தாங்கிக்கொண்டது. திரைச்சீலையின் பச்சை என் உடம்புக்குள்ளும் வந்து போனது. எனக்கு எடையே இல்லை. எனக்கு மட்டுமல்ல, அந்த மதியத்துக்கே எடை இல்லை.

"இதுதான்க்கா" என்றாள் அவள், வெகுதூரத்திலிருந்து.

அதன்பிறகு ஊமையாக மூச்சு விட்டுப் பழகினேன். விடத் தெரிந்த பிறகு அந்தத் தசையைத் தூக்கிப் பிடிக்கவும் கற்றுக் கொடுத்தாள். நனைவது குறைந்தது, முழுதாக நிற்கவில்லை. "இன்னும் சில மாசம் ஆகும். சிரிப்புக்கு முன்னாடி மட்டும் இறுக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

ஒலிப்பதிவு அன்று கணவரும் பிள்ளையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியரோடு உட்கார்ந்தார்கள். பிள்ளை என்னை விட்டு இருக்கமாட்டான், பசிக்கும். இந்தப் பக்கம் நான், இருட்டு, மைக். திரையில் அவள் மழையில் நின்றுகொண்டு தலையைச் சாய்த்து வாயைத் திறந்தாள். முதல் டேக்கில் பழக்கதோஷம், தூணாக நின்றுவிட்டேன்.

"நல்லா இருக்குக்கா" என்றான் இன்ஜினியர். வாய்ஸ் டெஸ்ட் கொடுத்துப் போன அந்தப் பெண்ணின் நினைப்பு அவன் குரலில் இருந்தது.

முழங்காலைத் தளர்த்தினேன். சத்தமில்லாமல் மூச்சை இழுத்தேன். கீழே எல்லாம் இறங்கியது. அவள் உதடுகள் பிரிந்தன. சிரிப்பு என் தொண்டையிலிருந்து வரவில்லை, எங்கோ அடியிலிருந்து கிளம்பி, வயிற்றைக் குலுக்கிக்கொண்டு, ஏறி, சரிந்து, மறுபடி ஏறியது. கொஞ்சம் நனைந்தது. நிறுத்தவில்லை. மழையில் நின்றது அவளா நானா என்று தெரியவில்லை. படம் அவள் திறந்த வாயோடு உறைந்து நின்ற பிறகுதான் நானும் நின்றேன்.

"அக்கா! ஓகே! டைரக்டர் கேட்டா அழுதுடுவாரு!"

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கணவர் என்னைப் பார்த்துக் கையாட்டினார். பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. திரையில் இருந்தவளை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டி, தூக்கச் சொல்லித் தவித்துக்கொண்டிருந்தான். முகம் பார்க்கத் தொடங்கிய பிறகு தன் அம்மாவின் சிரிப்பை முதன்முதலாகக் கேட்டவன், அதை அவளுடையது என்று நினைத்துவிட்டான். வேறு எப்படி நினைப்பான்? வீட்டில்தான் நான் சிரிப்பதையே நிறுத்தியிருந்தேனே. குரல் பறிபோய்விடுமோ என்றுதான் இத்தனை நாள் பயந்தேன். இங்கே பறிபோயிருந்தது வேறு.

ஓடிப்போய் அவனை வாங்கினேன். என் தோளுக்கு மேலே எக்கித் திரையையே பார்த்தான்.

"டேய், அது நான்டா. இங்க பாரு. அம்மாடா."

அவன் திரும்பவில்லை. அவன் முரண்டைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. யாருடைய உதட்டுக்கும் பொருந்த வேண்டாத சிரிப்பு. கரகரத்து, நடுவில் ஒரு விக்கலோடு வந்தது. பிள்ளை சட்டென்று திரும்பினான். என் வாயை உற்றுப் பார்த்தான். பிறகு உள்ளே கையை விட்டு, சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று தேடுவதுபோல என் கீழ்ப்பற்களைப் பிடித்துக்கொண்டான்.

மறுபடி நனைந்தது. நான் இறுக்கவில்லை. அவன் கையை எடுக்கும்வரை சிரித்துக்கொண்டே இருந்தேன்.