வெள்ளிக்கிழமைச் சீட்டு

பிச்சையா பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி விடுதிக்குக் காப்பாளராக வந்த இரண்டாம் வருஷம் பாதுஷா ஆற்றில் மூழ்கி இறந்துபோனான். ஐம்பத்து மூன்றாம் வருஷம், பொங்கல் விடுமுறை முடிந்து பையன்கள் திரும்பியிருந்த சமயம். கடையநல்லூரில் தறி போடும் குடும்பத்துப் பையன் அவன். இன்டர்மீடியட் இரண்டாம் வருஷம். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, அறைத் தோழன் இசக்கிப்பாண்டியோடு குளிக்கப் போனவனைச் சாயங்காலம் நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

உடலோடு கடையநல்லூர் வரைக்கும் போனவர் பிச்சையாதான். பாதுஷாவின் தாய் ஆயிஷம்மாள் அழவில்லை. "எப்படி சார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பிச்சையா, "படியில வழுக்கிட்டாம்மா. ஒரு நொடிதான். அவனுக்கே தெரிஞ்சிருக்காது" என்று சொன்னார். அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஆறுதலாக இருக்கட்டும் என்று அவராகவே சொன்னதுதான். விடுதிக்குத் திரும்பிப் பையன்களிடமும் அதையே சொன்னார்.

அடுத்த வாரத்தில் இசக்கிப்பாண்டி இரண்டு தடவை அவர் அறைக் கதவைத் தட்டினான். பிச்சையா ரசாயனம் நடத்துகிறவர். மேஜை நிறைய விடைத்தாள். "நாளைக்கு வாடே. தைரியமா இரு, பரீட்சை வருதுல்லா" என்றார். மறுநாள் அவன் வரவில்லை. அந்த வாரக் கடைசியில், காய்ச்சல் என்று ஒரு வரிக் கடிதம் எழுதி வைத்துவிட்டுச் சங்கரன்கோவில் பக்கத்துத் தன் ஊருக்குப் போய்விட்டான். மேலநீலிதநல்லூருக்கு அப்பால் மானாவாரிக் காட்டில் ஆடு மேய்க்கிற குடும்பம். வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் அவன்தான்.

பையன்கள் கலங்கிக் கிடக்கிறார்கள், மனசில் இருப்பதைப் பெயர் போடாமல் எழுதிப் போட ஒரு பெட்டி வையுங்கள் என்றார் கல்லூரி முதல்வர். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் பூட்டுப் போட்ட தகரப் பெட்டி ஒன்றைப் பிச்சையா மாட்டினார். சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது. சாம்பார் தண்ணியாக இருக்கிறது, மாடியில் விளக்கு எரியவில்லை என்று சீட்டுகள் விழுந்தன. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வேறு ஒன்றும் விழுந்தது.

முதல் வெள்ளி: "தூக்கம் வரவில்லை."

இரண்டாம் வெள்ளி: "சட்டை காயவே மாட்டேன் என்கிறது."

மூன்றாம் வெள்ளி: "கை மேலே வந்தது. விளையாட்டு என்று நினைத்தேன்."

அந்தச் சீட்டை அவர் இரண்டு தடவை படித்தார். மாசி மாதத்து வெயிலில் ஊரே வறண்டு கிடக்க, பெட்டியில் மற்றச் சீட்டுகள் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்றிருக்க, இது மட்டும் கைக்கு ஈரமாக இருந்தது. மை லேசாக ஊறிப் படர்ந்திருந்தது. வியாழக்கிழமை ராத்திரி பெட்டியைக் காலி செய்து பூட்டுவார். வெள்ளி காலை ஆறு மணிக்குத் திறந்தால் அது கிடக்கும். சமையல்காரரைக் கேட்டார், காவல்காரரைக் கேட்டார். யாரும் எதுவும் பார்க்கவில்லை. கூடத்தில் எல்லாரையும் நிறுத்தி, "எழுதுனது யாரா இருந்தாலும் எங்கிட்ட வரலாம், திட்ட மாட்டேன்" என்றார். பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான்காம் வெள்ளியும் அதே வரிதான்: கை மேலே வந்தது, விளையாட்டு என்று நினைத்தேன். ஐந்தாவதில் இருந்தது இது: "சார் கதவைத் தட்டினேன். நாளைக்கு வா என்றார்."

அது பிச்சையாவுக்கும் இசக்கிப்பாண்டிக்கும் மட்டுமே தெரிந்த பேச்சு. திருத்த வாங்கி வைத்திருந்த அவனுடைய பழைய ரசாயன நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இடப்பக்கம் சாய்ந்த எழுத்து, வாலை நீட்டி இழுத்த 'ன'கரம், புள்ளிக்குப் பதில் சின்னக் கோடு. சந்தேகமே இல்லை. பயல் காய்ச்சல் என்று ஏமாற்றிவிட்டு டவுனிலேயே எங்கேயோ கிடக்கிறான், விடியுமுன் சுவரேறி வந்து போட்டுவிட்டுப் போகிறான் என்று முடிவு கட்டினார். அப்படி நினைத்துக்கொண்டதில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

ஆறாம் வெள்ளி அவர் தூங்கவில்லை. நாலு மணியிலிருந்து பெட்டிக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒருவரும் வரவில்லை. ஒரு பூனைகூடக் குறுக்கே போகவில்லை. ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு சீட்டு, ஈரமாக.

"அவன் அம்மாவிடம் ஒரு நொடி என்று பொய் சொல்லிவிட்டார்கள். யார் போய்ச் சொல்வது?"

மற்ற ஐந்தோடு அதையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், முதல் பஸ்ஸில் சங்கரன்கோவிலுக்கு ஏறினார்.

பஸ் நிலையத்துப் பக்கம் விசாரித்தபோதே தகவல் கிடைத்துவிட்டது. "காலேஜு படிச்ச பையனா? அந்தப் பாவப்பட்ட பிள்ளை கோவில்லல்லா கிடக்கு" என்றார் வெற்றிலைக் கடைக்காரர்.

உச்சி வெயில் நேரம். கோமதியம்மன் சன்னதிக்கு முன்னால் தரையில் சக்கரம் பதித்த குழி ஒன்று உண்டு. மனசு பேதலித்தவர்கள் அதில் உட்கார்ந்தால் தெளியும் என்று எங்கெங்கிருந்தோ கூட்டி வருவார்கள். வெளியே கண் கூசுகிற வெளிச்சத்திலிருந்து வந்தவருக்கு உள்ளே முதலில் ஒன்றும் தெரியவில்லை. எண்ணெய் வாசனையும் வௌவால் வாடையும் மட்டும் தெரிந்தன. அப்புறம் தூண்கள் தெரிந்தன. ஒரு தூணடியில் தலைவிரி கோலமாக ஒரு பெண் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். அவள் தொண்டையிலிருந்து ஆண் குரலில் முனகல் வந்தது. யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

குழியில் இசக்கிப்பாண்டி உட்கார்ந்திருந்தான். நெற்றி நிறையப் புற்றுமண். ஆள் பாதியாக மெலிந்துபோயிருந்தான். பக்கத்தில் அவன் தாய் முத்துமாரியம்மாள் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் காலேஜ்ல இருந்து வாரேம்மா. விடுதியைப் பாத்துக்கிடுதவன்."

அவள் எழுந்து கும்பிட்டாள். "பிள்ளையப் பாருங்கய்யா. வீட்டுக்கு வந்த அன்னைக்கே இங்கன கூட்டியாந்துட்டேன். நாப்பது நாளு ஆச்சு. ஆத்துல என்னத்தையோ மிதிச்சிட்டான்னு சொல்லுதாவ."

"இவன் வெளியூர் எங்கயும் போனானா? வெள்ளிக்கிழமையில?"

"எங்கய்யா போவான்? ஒண்ணுக்குப் போகக்கூட நான்தான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். ராத்திரி மண்டபத்துல எம் முந்தானையத்தான் அவன் மணிக்கட்டுல கட்டிக்கிட்டுப் படுக்கேன்."

"ஏதாவது எழுதுதானா?"

"சோறே நான்தான் ஊட்டுதேன். பேச்சும் கிடையாது. வெள்ளிக்கிழமை மட்டும் உதடு ஆடுது. என்னன்னு எனக்குக் காதுல விழல."

அன்று வெள்ளிக்கிழமை. பிச்சையா குழியின் விளிம்பில் மண்டியிட்டுக் குனிந்தார். அவன் உதடு ஆடிக்கொண்டுதான் இருந்தது. காதை அவன் வாயருகே கொண்டுபோனார்.

"தூக்கம் வரல. சட்டை காயவே மாட்டேங்கு. கை மேல வந்துச்சு, விளையாட்டுன்னு நெனச்சேன். சார் கதவத் தட்டுனேன், நாளைக்கு வான்னாரு. அவன் அம்மாட்ட ஒரு நொடின்னு பொய் சொல்லிட்டாவ. யாரு போய்ச் சொல்ல. தூக்கம் வரல. சட்டை..."

பிச்சையாவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. துணி நனைந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது. வேர்வை என்று சொல்லிக்கொள்ள முடியாதபடி சில்லென்றிருந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தூணடியில் ஆடிக்கொண்டிருந்த பெண் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஓடவில்லை. செருப்பில்லாத காலோடு அந்தக் குழிக்குள்ளேயே இறங்கி அவனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இசக்கி. நாளைக்கு வான்னு சொன்னது நான்தான். அந்தம்மாட்டப் பொய் சொன்னதும் நான்தான். இப்போ நானே வந்திருக்கேன்டே. எங்கிட்ட சொல்லு."

உதடு நின்றது. வெகுநேரம் கழித்து அவன் கண் அவர் முகத்துக்கு வந்தது.

"அவன் எப்பவும் முங்குத மாதிரி நடிப்பான் சார்," என்றான். நாற்பது நாள் பேசாத தொண்டை கரகரத்தது. "அன்னைக்கும் நடிக்கான்னு நெனச்சேன். வேட்டியப் பிழிஞ்சுக்கிட்டு சிரிச்சேன். 'ஏலே இசக்கி'ன்னு ரெண்டு மட்டம் கூப்பிட்டான் சார். நான் சிரிச்சிக்கிட்டே இருந்தேன்."

முத்துமாரியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிச்சையா தைரியமா இரு என்று சொல்லவில்லை. அவன் அழுது முடிக்கிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

மூன்று பேருமாகச் சாயங்கால ரயிலைப் பிடித்தார்கள். அவனேதான் கடையநல்லூருக்குப் போகணும் என்றான். பாம்புக்கோவில் சந்தை நிலையத்தில் வண்டி வெகுநேரம் நின்றது. மேடையில் ஆளில்லை. காற்றில்லை. பிச்சையா ஆறு சீட்டுகளையும் எடுத்து அவன் மடியில் வைத்தார்.

"இதை நீ எழுதினியாடே?"

அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். முகம் வெளிறியது. ஆனால் பயந்த மாதிரி இல்லை.

"நான் எழுதல சார். நான் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"உன் கையெழுத்துல்லா?"

"என் கையெழுத்துதான் சார். நோட்டெல்லாம் எனக்கு அவன்தான் எழுதித் தருவான். நான் கட்டில்ல படுத்துக்கிட்டு சொல்லச் சொல்ல, என் கையெழுத்து மாதிரியே எழுதுவான். வாத்தியாரு ஒருத்தரும் கண்டுபிடிச்சதில்லை."

வண்டி அசைந்தது. கடையநல்லூர் வரும்வரை எதிர்ப் பலகையில் காலியாக இருந்த இடத்தைப் பார்க்காமலிருக்கப் பிச்சையா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆயிஷம்மாள் வீட்டு முன்கட்டில் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். இசக்கிப்பாண்டியைக் கண்டதும் சக்கரத்தை நிறுத்தினாள். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். தண்ணீரில் கால் தசை பிடித்துக்கொண்டது, கை மேலே வந்தது, இரண்டு தடவை கூப்பிட்டது, தான் சிரித்தது. ஒன்றையும் மறைக்கவில்லை.

"ஒரு நொடின்னு சொன்னது நான்தாம்மா" என்றார் பிச்சையா. "மன்னிச்சிருங்க."

"அது பொய்னு எனக்கு அன்னைக்கே தெரியும் சார்," என்றாள் அவள். "பெரியகுளத்துல இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்துன பிள்ளை படியில வழுக்கிச் சாவானா? யாரும் பிடிச்சுத் தள்ளிட்டாவளோ, அடிச்சிட்டாவளோன்னு ஐம்பது நாளா மனசு கெடந்து அடிச்சுக்குது. கேக்கவும் ஆளில்லை."

அவள் இசக்கிப்பாண்டியிடம் திரும்பினாள். "எங்க கிணத்துலயும் அவன் அப்படித்தான் விளையாடுவான். ஒரு மட்டம் நானே சேலையோட குதிச்சிருக்கேன். மேல வந்து சிரிக்கான். இன்னொரு மட்டமும் ஏமாந்தேன். மூணாவது மட்டம் நான் திரும்பியே பாக்கல, மக்கா. அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு அவன் சாகல. அவ்வளவுதான் வித்தியாசம்."

இசக்கிப்பாண்டி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கூப்பிடும்போது என்னைக் கூப்பிட்டானா?"

"இல்லம்மா. என்னத்தான்."

அவள் உள்ளே போய்த் தட்டு எடுத்துவந்து அவன் முன் வைத்தாள். சோறும் கருவாட்டுக் குழம்பும். முத்துமாரியம்மாள் வழக்கம்போல் பிசைந்து ஊட்டக் கையை நீட்டினாள். அவன் தாயின் கையை விலக்கிவிட்டுத் தானே பிசைந்தான். இரண்டு பெண்களும் அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த மார்ச் பரீட்சையை அவன் எழுதவில்லை. செப்டம்பரில் எழுதித் தேறினான். அதற்கு வேண்டிய நோட்டுகளை அவனே உட்கார்ந்து எழுதினான். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. பழைய நோட்டில் இருந்த கையெழுத்து அது இல்லை என்று பிச்சையாவுக்குத் தெரிந்தது.

அந்த எழுத்து யார் கை என்று இசக்கிப்பாண்டி சொன்னதும், ஆறு சீட்டுகளையும் அன்றே ஆயிஷம்மாள் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்து, காயட்டும் என்று கொடியில் நூலுக்குப் பக்கத்தில் வரிசையாகப் போட்டாள்.