அங்கன்வாடிக்குள் ஒரு களம்

ஜவ்வாது மலையில் மார்கழி பிறந்துவிட்டால் பனிமூட்டம் யாரையும் கேட்காமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அங்கன்வாடிக் கூடத்தை மட்டும் விட்டுவைக்குமா? பொழுது நன்றாக ஏறிய பிறகும் எதிர்ச் சுவரில் வரைந்திருந்த யானை புகைக்குள் நிற்பது போலத்தான் தெரிந்தது. சிமெண்டுத் தரையில் கால் வைத்தால் உள்ளங்கால் விறைத்துப்போகும். பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டையும் சால்வையையும் சுற்றிக்கொண்டு ஒரே பாயின் மேல் கோழிக்குஞ்சுகளாக ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

டீச்சர் கலைவாணிக்கு மலையில் இது முதல் குளிர்காலம். கலசப்பாக்கத்து நெல் வயல்களுக்கு நடுவே வளர்ந்தவள். "மலைக்காத்து ஒடம்புக்கு நல்லது" என்று சிரித்த முகத்தோடு வழியனுப்பிய சொந்தக்காரர்களில் ஒருவராவது இப்போது கையில் கிடைத்தால், இந்தத் தரையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டுத்தான் பேசியிருப்பாள்.

ஆனால் அவளை உண்மையில் வாட்டியது குளிர் அல்ல, அபிநயா. பாஞ்சாலையின் மகள். நாலு வயது நெருங்கியும் நடை கூடாத பிள்ளை. எலும்பில் கோளாறு ஒன்றுமில்லை, நடக்க நடக்கத்தான் காலுக்குப் பலம் வரும் என்று திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வெயில் காலத்தில் வாசல் மணலில் மற்ற பிள்ளைகளோடு ஆடி ஆடி, சுவரை விட்டு நாலைந்து அடி தனியாக வைக்கவும் கற்றுக்கொண்டுவிட்டாள். அன்றைக்குக் கலைவாணி பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத ஆட்டம் இல்லை. அப்புறம் குளிர் வந்தது. விளையாட்டு கூடத்துக்குள் வந்தது. சிமெண்டில் ஒருமுறை விழுந்து மோவாயில் அடிபட்டதுதான், அபிநயா அதோடு எழுந்திருப்பதையே விட்டுவிட்டாள்.

இன்று காலை பாஞ்சாலை மகளை இடுப்பிலிருந்து இறக்கும்போதே பேச்சை ஆரம்பித்தாள்.

"கோச்சிக்காதீங்க டீச்சர். இங்க வந்தும் குளுர்ல சும்மாதான ஒக்காந்துகினு கீது? நாளியிலேர்ந்து வூட்லயே அடுப்பாண்ட ஒக்கார வச்சிக்கிறேன். பங்குனி வந்தா தூக்கிகினு வர்றேன்."

பங்குனி வரை அடுப்படியில் உட்கார்ந்தால் வந்த பலமும் போய்விடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுட்டுப் போங்க பாஞ்சாலை. அழைக்க வரும்போது பேசிக்கலாம்" என்றாள். வாய்தா வாங்கியாயிற்று. சரி, செய்வது என்ன?

முதலில் கரடி ஆட்டம். பிள்ளைகள் நாலு காலில் உறுமிக்கொண்டு கிளம்பினார்கள். பாதி தூரம் போவதற்குள் உள்ளங்கை சில்லிட்டுக் கரடிகள் எல்லாம் பாய்க்கே திரும்பி வந்துவிட்டன. அடுத்து பஸ் ஆட்டம். தன் பழைய புடவையைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, கூடத்தைச் சுற்றி அமிர்திக்கு பஸ் விட்டாள். நடக்காத பிள்ளைக்கும் ஒரு வேலை வேண்டுமே என்று அபிநயாவை பஸ் ஸ்டாப் ஆக்கினாள். பஸ் வந்தது, நின்றது, போனது. பஸ் ஸ்டாப் நகரவே இல்லை. தான் செய்த காரியத்தின் அழகு அப்போதுதான் கலைவாணிக்கு உறைத்தது. தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த நேரத்தில்தான் மூலையில் அடுக்கியிருந்த பயிர்த் தாள் கட்டுகள் கண்ணில் பட்டன. நேற்று அவள் கீழே மீட்டிங்குக்குப் போயிருந்தபோது, பக்கத்து நிலத்துக்காரர் சடையன் கொண்டுவந்து போட்டவை. "சடையண்ணன் கொட்டாய் ஒழுவுதாம் டீச்சர். காஞ்சதும் எடுத்துக்கினு போறேன்னாரு" என்று சமையல் உதவியாளர் அம்மாக்கண்ணு காலையில் சொல்லியிருந்தாள். தாளின் வெட்டிய அடி இந்தப் பக்கமும் நுனி சுவர்ப் பக்கமுமாக அடுக்கியிருந்தது. கலைவாணியின் ஊரில் களத்தில் அடித்து முடிக்காமல் ஒரு கட்டும் வீட்டுக்குள் வராது. அதனால் இது வைக்கோல்தான் என்பதில் அவளுக்கு ஒரு துளி சந்தேகமும் வரவில்லை.

வைக்கோல்! மெத்தைக்கு வேறு எங்கே போக வேண்டும்? நாலைந்து கட்டுகளைப் பிரித்துக் கூடம் முழுக்க விரித்தாள். நுனியில் பொடிப் பொடியாக ஏதோ ஒட்டியிருந்ததைப் பதர் என்று தள்ளிவிட்டாள்.

அவள் ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ரஞ்சித்குமார் என்ற பொடியன் சால்வையை வீசி எறிந்துவிட்டு "ஹோய், ஹோய்!" என்று மாடு ஓட்டிக்கொண்டு வட்டமாக மிதிக்கத் தொடங்கினான். மற்றவர்கள் அவன் பின்னால். சுற்றிச் சுற்றி மிதித்தார்கள், விழுந்தார்கள், புரண்டார்கள். முகமெல்லாம் சிவந்து மூக்கில் வேர்த்தது. என்ன அருமையான ஆட்டம், பயிற்சியில்கூட யாரும் சொல்லவில்லையே என்று கலைவாணி மகிழ்ந்துபோனாள். இந்தப் பிள்ளைகள் இதை எங்கே பார்த்திருப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

யோசிக்க அவளுக்கு ஏது நேரம்? அபிநயா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். ஓர் அடி வைத்தாள். தொப்பென்று விழுந்தாள். அபிநயா தரையைத் தடவிப் பார்த்தாள். வலிக்கவில்லை. சிரித்தாள். மறுபடி எழுந்தாள். விழுவதற்காகவே எழுந்தாளோ என்னவோ, விழுந்து விழுந்து வட்டத்தின் கடைசி ஆளாகச் சேர்ந்துகொண்டாள். கலைவாணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இன்னா பண்ணி வச்சிக்கிறீங்க டீச்சர்!"

வாசலில் சடையன். முகம் அடுப்பாக எரிந்தது. குனிந்து தாளை விலக்கித் தரையிலிருந்து ஒரு பிடி அள்ளி நீட்டினார். உள்ளங்கையில் பொடிப் பொடி மணிகள்.

"சாமைங்க இது! வெதச் சாமை! இன்னும் மாடு உட்டு மிதிக்கவே இல்ல, ஈரம் காயட்டும்னு போட்டு வச்சேன்!"

கலைவாணியின் முகத்தில் ஈயாடவில்லை. "எங்க ஊர்ல உள்ள வந்தா வைக்கோல்தாண்ணா... நான் அப்படியே நெனச்சிட்டேன்."

"ஒங்க ஊரு நெல்லு ஊரு! செருப்புக் கால யாரும் வைக்கலியே?"

களத்தில் செருப்புக் கால் பட்டால் இந்த மலையில் யாரும் பொறுக்க மாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும்.

"இல்லண்ணா. பசங்க எல்லாம் வெறுங்கால்தான்." பொய் சொல்ல மனம் வரவில்லை. "நான் மட்டும்... சாக்ஸ்."

சடையன் அவளுடைய காலைப் பார்த்தார். பச்சையும் மஞ்சளும் கலந்த கம்பளி சாக்ஸ். செருப்பிலும் சேர்க்க முடியாமல் வெறுங்காலிலும் சேர்க்க முடியாமல் ஒரு கணம் திண்டாடினார். பிறகு கோபம் திரும்ப வந்துவிட, "நவுருங்க, எல்லாத்தியும் எடுத்துக்கினு போறேன்" என்று தாளை வாரத் தொடங்கினார். பிள்ளைகள் பயந்து பாய்க்கு ஓடினார்கள். வாசலில் பாஞ்சாலையும் வந்து நின்றாள், கையில் மகளைப் போர்த்த எடுத்துவந்த கம்பளியோடு. எல்லாம் கைநழுவிப் போகிறது என்று கலைவாணி சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

பாய்க்கு ஓட முடியாத அபிநயா மட்டும் கூடத்தின் நடுவே நின்றாள். பெரியவர் வாருவதைப் பார்த்தாள். தானும் ஒரு பிடித் தாளை அள்ளி, அவரிடம் கொடுப்பதற்காக ஓர் அடி எடுத்து வைத்தாள்.

வெடுக்கென்று வாங்கிக்கொள்ளத்தான் சடையன் கையை நீட்டினார். நீட்டிய பிறகுதான் அது யார் பிள்ளை என்று தெரிந்தது. பிறந்ததிலிருந்து இடுப்பில் மட்டுமே அவர் பார்த்திருந்த பிள்ளை. கை அப்படியே நின்றது.

"மாமங்கிட்ட கொண்டா" என்றார். குரல் இறங்கியிருந்தது.

அபிநயா இன்னோர் அடி வைத்தாள். சடையன் ஓர் அடி பின்னால் போனார். அவள் வைத்தாள். அவர் போனார். மாட்டையும் மனுஷனையும் அதட்டியே பழகிய ஆள், வாங்க வேண்டிய கையை நீட்டியபடியே பூனை மாதிரி பின்வாங்கிக்கொண்டு போனார். கடைசியில் முதுகு யானைப் படத்தில் இடித்தது. அதற்கு மேல் போக இடமில்லாமல் அப்படியே உட்கார்ந்து, இரண்டு கையாலும் அந்த ஒரு பிடித் தாளை வாங்கிக்கொண்டார்.

"இவ்ளோதாங்க டீச்சர் கூடம்" என்றார், பெரிய குறை சொல்வது போல. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சாமைய மட்டும் கூட்டி எடுத்துக்கிறேன். தாளு இங்கியே கெடக்கட்டும். எங்க மாட்டுக்கு வேற கீது."

கலைவாணி சாக்ஸைக் கழற்றி வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்து வந்தாள்.

பாஞ்சாலை உள்ளே வந்தாள். வழக்கம்போல இடுப்பைச் சாய்த்து மகளைத் தூக்கக் குனிந்தாள். குனிந்தவள் நிமிர்ந்து, கம்பளியைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு விரலை மட்டும் நீட்டினாள். அபிநயா அதைப் பற்றிக்கொண்டாள். வாசலுக்குப் போய்ச் சேர அவர்களுக்கு வெகுநேரம் ஆனது. அங்கே நின்று பாஞ்சாலை திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சர், நாளிக்கு எப்ப தூக்கிகினு வரட்டும்?" என்று கேட்டவள், மகளைக் குனிந்து பார்த்துவிட்டு மறுபடி கேட்டாள்.

"எப்ப கூட்டிகினு வரட்டும்?"