அம்மா காணோம்

இலையுதிர்கால விடுமுறையின் இரண்டாம் நாள் காலை, சாப்பாட்டுக்கும் குளியலுக்கும் நடுவில், லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி வாடகை வீட்டுக் கூடத்தில் எல்லோர் கண்ணெதிரிலும் இல்லாமல் போனாள். இரட்டைக் குழந்தைகள் அவளைத் தேடி வெளியே எடுத்தன. வெந்நீர் ஆறிவிடும் என்று அவள் இரண்டையும் இடுப்புக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு குளிப்பாட்டப் போய்விட்டாள்.

ஏரியோரமாக அந்த வீட்டை ஒரு வாரத்துக்கு எடுத்திருந்தார்கள். மெக்கானிக், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவன் மனைவி, பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கும் அவன் அக்கா, பிறகு இரண்டரை வயது இரட்டையர். பெண்ணுக்குத் துறுதுறு என்றும் பையனுக்கு உம்மணாமூஞ்சி என்றும் பெயர் நிலைத்துவிட்டது. பொம்மைப் பையை எடுத்து வரும் பொறுப்பு மெக்கானிக்கினுடையது. அவன் வழக்கம்போல ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். முதல் நாள் முழுக்க வானம் ஒழுகியது. கரண்டி, சட்டி, மூடி, அக்காவின் விசில், சோபாவின் மெத்தைகள் என்று வீட்டில் இருந்த அத்தனையும் விளையாட்டுச் சாமானாகி, சாயங்காலத்துக்குள் அத்தனையும் சலித்துப்போயின. இரண்டு வயதைக் கடந்த இரண்டு பேரை ஒரே கூடத்தில் வைத்துச் சமாளித்தவர்களுக்கு அந்த நாளைப் பற்றி மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலை, வேறு வழி தெரியாமல், மெக்கானிக்கின் மனைவி ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு, "அம்மா காணோம்!" என்றாள். நாற்காலி காலியாக இருந்தது.

பெரியவர்கள் இருவரும் குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தார்கள். குழந்தைகள் மட்டும் கொஞ்சமும் அசரவில்லை. கண்ணை மூடினால் ஆள் இருக்காது என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். தத்தித் தத்திப் போய், நாற்காலிக்கு மேலே வெறும் காற்றில் கை வைத்துத் திரையை விலக்குவதுபோல விலக்கினார்கள். முதலில் விரல்கள் வந்தன. பிறகு வளையல், நெற்றி, தூக்கம் கெட்ட இரண்டு கண்கள். "இதோ!" என்று குழந்தைகள் கூவிய கூவலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எங்கே போயிருந்தாய் என்று கேட்டதற்கு, வெளிச்சமாக ஒரு இடம், யாரும் எதுவும் கேட்கவில்லை என்று மட்டும் சொன்னாள். அவள் முகம் நன்றாகத் தூங்கி எழுந்த முகமாக இருந்தது.

அதன் பிறகு விடுமுறை களைகட்டியது. அக்காவும் போய்விட்டு வந்தாள். அங்கே முழங்கால் வலிக்கவே இல்லையாம். மெக்கானிக்குக்கு மட்டும் அது கைகூடவில்லை. விரலிடுக்கில் எட்டிப் பார்க்கும் ஆள் அவன். குழந்தைகள் நாற்காலியில் அப்படியே இருந்த அவனைப் பார்த்துவிட்டு, பாவம் என்று விட்டுவிட்டன. மனைவி தினமும் ஒருமுறை போனாள். சில நேரம் உலையை அடுப்பில் ஏற்றிவிட்டுப் போய், கொதிப்பதற்குள் திரும்பி வந்தாள்.

கடைசி நாளுக்கு முந்தைய காலை, அவள் முகத்தை மூடிக்கொண்ட அந்த நொடியில், வாரம் முழுக்க விட்டுவிட்டுப் பெய்த மழை நின்றது. ஏரிக்கரை மரங்கள் ஒரேயடியாக இலைகளைக் கொட்டின. முற்றம் முழங்கால் உயரத்துக்கு மஞ்சளாக நிறைந்ததைக் கண்டதும் குழந்தைகள் அம்மாவை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடின. அக்கா பின்னாலேயே ஓடினாள். இலைக்குவியலில் விழுந்து புரண்டு, வீசி, வாயில் போட்டுத் துப்பி, மதியம் ஈரத்தோடு வந்து சாப்பிடும்போதே தூங்கிப்போனார்கள்.

மெக்கானிக் நாற்காலியைத் தொட்டுப் பார்த்தான். பிரம்புதான் தட்டுப்பட்டது. "கண்டுபிடிச்சிட்டேன்," என்றான், கருகிப்போன ஃபியூஸைக் கண்டுபிடித்தவன்போல. ஒன்றும் நடக்கவில்லை. குழந்தைகளை எழுப்பப் போனவனை அக்கா அறை வாசற்படியிலேயே மறித்தாள்.

"தூங்குற பிள்ளைங்களையா எழுப்பப் போறே? உனக்கென்ன மூளை குழம்பிடுச்சா?"

"அவ உள்ள இருக்காக்கா!"

"எங்கே போயிடப் போறா? இதுங்க அரைத்தூக்கத்துல எழுந்தா நம்ம ரெண்டு பேரும் செத்தோம்."

அவனுக்கும் அது நியாயமாகவே பட்டது. காத்திருந்தார்கள். ஆனால் எழுந்த குழந்தைகளுக்கு விளையாட்டு மறந்துபோயிருந்தது. நாற்காலியைக் காட்டி, "அம்மா எங்கே?" என்று கேட்டபோது, துறுதுறு ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அம்மா இல்ல," என்று சொல்லி, பையில் திணித்து வைத்திருந்த இலையை எடுத்துக் காட்டியது. சொன்ன குரலில் வருத்தம் இல்லை. அதைக் கேட்டுத்தான் மெக்கானிக் நேரத்தைக் கணக்குப் போட்டான். மறுநாள் காலை சாவியை ஒப்படைத்துவிட்டு ரயிலேற வேண்டும். குழந்தைகள் இந்தக் கூடத்தை மறந்துவிட்டால் அவள் இங்கேயே இருந்துவிடுவாள்.

அவன் குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டுவதில் இறங்கினான். வாழ்நாளில் செய்யாததையெல்லாம் செய்தான். குதிரையானான், தவளையானான், தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு சுவரில் முட்டினான். அக்கா விசிலடித்து ஒத்து ஊதினாள். உம்மணாமூஞ்சி சாட்சிக்கு வந்தவன்போலப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நகர்ந்தது. வெளிச்சம் மங்கத் தொடங்கியது. கடைசியில் நாற்காலிக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தான். மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவரோடு வெளியிலிருந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டும். முகம் தெரியாது, பதில் வராது. பேச்சை மட்டும் நிறுத்தக் கூடாது.

"நான் வெளியேதான் இருக்கேன்மா. கேக்குதா? எங்கேயும் போகமாட்டேன். பிள்ளைங்க சாப்பிட்டாங்க. சின்னவன் சாக்ஸ் ஒண்ணு காணோம், தேடணும். பொம்மைப் பையை நான்தான் விட்டுட்டு வந்தேன், நீ அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. இந்தப் பிள்ளைங்களை ஒரு நாள் பார்த்துக்கிட்டதுக்கே எனக்கு முட்டி தேஞ்சு போச்சு. நீ தினம் என்ன பண்றேன்னு நான் கேட்டதே இல்ல. எத்தனையோ பேரை வெளியே எடுத்திருக்கேன், கதவு இருக்கும், கம்பி விட்டு நெம்புவேன். இதுக்குக் கதவே இல்லையேம்மா. பயமா இருக்கு."

அப்பா இத்தனை பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. துறுதுறு இலையைக் கீழே போட்டது. உம்மணாமூஞ்சி வந்து அவன் மடியில் உட்கார்ந்து, அவன் யாரிடம் பேசுகிறான் என்று நாற்காலியை உற்றுப் பார்த்தது. பிறகு இரண்டும் எழுந்து, பிரம்பில் காதை வைத்துக் கேட்டன. ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. நாலு சின்னக் கைகள் காற்றைப் பிடித்து விலக்கின.

விரல்கள் வந்தன. வளையல் வந்தது. உள்ளேயிருந்து வந்த வெளிச்சம் கொஞ்ச நேரம் கூடத்தின் சுவர்களில் நின்றது. அக்கா விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்து கைகூப்பினாள். மெக்கானிக் தரையிலேயே உட்கார்ந்து அழுதான். குழந்தைகள் "இதோ! இதோ!" என்று குதித்தன, உலகத்தில் முதல்முறையாக ஒரு அம்மாவைக் கண்டவர்கள்போல.

"அதுக்குள்ளேயா?" என்றாள் அவள். சற்று யோசித்துவிட்டு, "யாரோ வெளியே பேசிக்கிட்டே இருந்தாங்க. அதான் கண் அசரல," என்றாள்.

சாக்ஸ் சோபாவுக்கு அடியில் கிடைத்தது. மறுநாள் ரயிலேறினார்கள். அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் அதே வீட்டுக்கு வந்தார்கள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் குழந்தைகளின் கைக்குக் காற்று விலகுவது நின்றது. அவளும் முகத்தை மூடுவதை விட்டுவிட்டாள். மூக்குக்கண்ணாடிகள் வந்தன, துறுதுறு அப்பாவைவிட உயரமானாள், உம்மணாமூஞ்சிக்கு மீசை அரும்பியது, அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள்.

அதே ஏரிக்கரை வீட்டில் ஒரு இலையுதிர்கால மாலையில், பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மெக்கானிக்கின் மனைவி, வெயில் கூசியதோ என்னவோ, கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள். நாற்காலி காலியானது. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த இரண்டு பேரும் அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள். காற்றைப் பிசைந்தார்கள், பிரம்பைப் பிராண்டினார்கள், "அம்மா! அம்மா!" என்று கத்தினார்கள். சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்த மெக்கானிக் இரண்டு தம்ளர்களை ஏந்திக்கொண்டு வந்தான். ஜன்னல் விளிம்பில் வைத்தான். அவர்களை விலக்கிவிட்டு, முழங்கால் நெறிபட நாற்காலி முன்னால் மண்டியிட்டு, "அம்மா எங்கே?" என்றான். காற்றில் கை வைத்து மெதுவாக விலக்கினான். முதலில் விரல்கள் வந்தன.

"இதோ!" என்று கூவி, அவன் கைதட்டிச் சிரித்தான்.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். "டீ ஆறிடுச்சா?"

"இல்ல, சூடாத்தான் இருக்கு," என்று அவள் தம்ளரை எடுத்து நீட்டினான்.