டாக்டரிடம் சொல்லாத எண்ணெய்

பிளேடு மாற்றும்போது சலூன்காரரின் கட்டைவிரலில் சின்னதாக ஒரு கீறல் விழுந்தது. படிகாரத்தை வைத்து அழுத்தினார், நிற்கவில்லை. துண்டைச் சுற்றினார், துண்டு நனைந்தது. பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் பயந்துபோய்த் தானே துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

சலூன்காரருக்கு இதயத்தில் செயற்கை வால்வு. அதில் ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை. மருந்தின் வேகம் குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும். கூடினால் உடம்புக்குள் எங்கே கசிந்தாலும் நிற்காது. இது அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன புண்ணியம்?

கொஞ்ச நாளாகவே பல் தேய்த்தால் ரத்தம், நாற்காலியில் இடித்துக்கொண்டால் தொடையில் நீலத் திட்டு. கீரை கூடினாலும் குறைந்தாலும் மாத்திரையின் வேகம் மாறும் என்பதால், டாக்டரம்மா நேரே சமையலறையைத்தான் சந்தேகப்பட்டார். மனைவி பாவம், ஒரே கிண்ணத்தில் அளந்து அளந்து கீரை வைத்தாள். பரிசோதனை முடிவோ ஒவ்வொரு முறையும் மோசம். “வீட்டுல சரியா கவனிக்கிறதில்லையா?” என்று அவளுக்குத்தான் திட்டு விழுந்தது. அந்த நேரமெல்லாம் இந்த மனிதர் பக்கத்தில் வாயே இல்லாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

உண்மைக் காரணம் சலூன் அலமாரியில், பவுடர் டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. நாளெல்லாம் நின்று வேலை செய்து வீங்கிய முழங்காலுக்கு, மனைவியின் தம்பி கொண்டுவந்து கொடுத்த கஞ்சா எண்ணெய். தம்பிக்கு செல்போன் ரிப்பேர் கடை. வீட்டில் பட்டப்பெயர் ‘விஞ்ஞானி’. “இது வெறும் செடி மாமா. சைடு எஃபெக்ட்டே கிடையாது” என்றான் விஞ்ஞானி. முதல் நாள் சில சொட்டு விழுங்கி, ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னும் கொஞ்சம் விழுங்கினார் சலூன்காரர். விழுங்கியது வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும் என்று அவனும் சொல்லவில்லை, லேபிள் இல்லாத அந்தப் பாட்டிலும் சொல்லவில்லை. அன்று தலை சுற்றியதற்குப் பிரஷர் என்று வீட்டில் ஒரு பொய். வலி கொஞ்சம் குறைந்தது, தூக்கம் வந்தது, ஆகவே தொடர்ந்தார்.

இப்போது விரலில் கட்டோடு, மனைவியும் விஞ்ஞானியும் கூட வர, மறுபடி அதே டாக்டரம்மா முன்னால்.

“வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா? வலி மாத்திரை? நாட்டு மருந்து? எதுவா இருந்தாலும் சொல்லுங்க.”

“ஒண்ணும் இல்லீங்க.”

பின்னால் நின்ற விஞ்ஞானி மாமாவின் தோளை லேசாக அழுத்தினான்.

டாக்டரம்மா பேனாவை மேஜையில் போட்டார். “காரணம் தெரியாம நான் மாத்திரையை எப்படிக் குறைக்கிறது? அதிகமாக் குறைச்சா வால்வு அடைக்கும். அப்படியே விட்டா மூளைக்குள்ள ரத்தம் கசியும். நான் என்னதான் பண்ணட்டும்?” பிறகு மனைவி பக்கம் திரும்பினார். “நீங்க கீரையை...”

அவ்வளவுதான். அவளுக்குத் தாங்கவில்லை. “இன்னும் எத்தனை தடவைதான் டாக்டர் என்னையே கேப்பீங்க? அந்தக் கிண்ணத்தைப் பாத்தாலே எனக்கு எரிச்சலா வருது! இந்த மனுஷன் செத்தா நான் கீரை சரியா வைக்காமத்தான் செத்தாருன்னு ஊரே சொல்லும்!” என்று ஓவென்று அழுதுவிட்டாள்.

சலூன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “அவமேல தப்பில்லீங்க. நான்... கஞ்சா எண்ணெய் குடிக்கிறேன்.”

“மாமா! கேஸ் ஆயிடும் மாமா!” என்று பதறினான் விஞ்ஞானி. மாட்டிக்கொண்ட பிறகும் அவன் வாய் அடங்கவில்லை. “ஆனா டாக்டர், ஒரு காலத்துல இதை மருந்துக் கடையிலயே வித்தாங்க. அப்புறம் தடை பண்ணாங்க. இப்ப எத்தனையோ நாட்டுல மறுபடி மருந்தாவே கொடுக்கிறாங்க. தெரியுமா?”

“தெரியும்பா. நீ சொல்றது அத்தனையும் நிஜம். வலிப்பு நோய்க்கு அதுலேர்ந்து எடுத்த மருந்துகூட இருக்கு, டாக்டர் அளந்து கொடுக்கிற மருந்து. ஆனா இவர் மாத்திரையைக் கரைக்கிறதும் கல்லீரல்தான், உன் எண்ணெயைக் கரைக்கிறதும் அதே கல்லீரல்தான். எண்ணெய் போய் வழியை அடைச்சுக்கிட்டா மாத்திரை கரையாம ரத்தத்துலயே தங்கிடும். சட்டம் மாறினா மாறட்டும், அதை யாருப்பா போய்க் கல்லீரலுக்குச் சொல்றது?”



டாக்டரம்மா ரத்தம் நிற்க ஓர் ஊசிக்கும் தலை ஸ்கேனுக்கும் எழுதினார். “நான் போலீஸ் இல்லீங்க. முதல் நாளே சொல்லியிருந்தா அன்னிக்கே நிறுத்தச் சொல்லியிருப்பேன். இவ்வளவு தூரம் வந்திருக்காது.”

ஸ்கேன் முடிவு வரும்வரை மூவரும் வராந்தா பெஞ்சில் காத்திருந்தார்கள். தலைக்குள் கசிவு இல்லை என்று நர்ஸ் வந்து சொன்னபோதுதான் மனைவிக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கோபமும் வந்தது.

“என்மேல பழி விழுந்தப்போ வாயை மூடிக்கிட்டு இருந்தீங்களே, நல்லா இருங்க. போலீஸுக்குப் பயந்து டாக்டர்கிட்ட மறைச்சீங்க. போலீஸ் பிடிச்சா ஜாமீன் கேக்கலாம். உசுரு போனா எந்தக் கோர்ட்டுல போய்க் கேக்கிறது? செடியோ மாத்திரையோ, சட்டம் விட்டதோ விடாததோ, வாயில போட்டது எதுவா இருந்தாலும் டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. அவங்ககிட்ட மறைக்கிறது அவங்களை ஏமாத்துறது இல்ல, நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கிறது!”

சலூன்காரர் கட்டுப் போட்ட கையால் அவள் கையைப் பிடித்தார். அவள் உதறிவிட்டு, “பாத்து, மறுபடி ரத்தம் வரப் போகுது” என்றாள்.