நெவிலுக்குக் கேட்ட வித்தியாசம்

நெவிலுக்கு ஒரு கர்வம் உண்டு. காதில் விழாததை விழுந்ததாகச் சொல்லவே மாட்டார். ஆஸ்திரேலியாவின் ஜீலாங் ஊர் இசைக்கேட்பாளர் சங்கத்தில் மற்றவர்கள் தடித்தடியான ஒயரையும் தங்க முலாம் பூசிய ப்ளக்கையும் வாங்கிவந்து, "ஆகா, திரை விலகின மாதிரி இருக்கே!" என்று கண்ணை மூடிச் சொக்கிப்போவார்கள். இவர் மட்டும் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கியபடி, "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்பார். தொலைபேசி இணைப்பகத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். சங்கத்தில் ஒருவருக்கும் அவரைப் பிடிக்காது. ஆனால் நெவில் பொய் சொன்னார் என்று எதிரிகூடச் சொன்னதில்லை. அந்த ஒரு பெயரைத்தான் மனிதர் இத்தனை காலமாகக் கட்டிக்காத்துவந்தார்.

சங்கத் தலைவர் டெஸ்மண்ட் டிசம்பர் தொடக்கத்தில் அவர் வீட்டு வாசலில் புதுச் சாமானோடு வந்து நின்றார். நெட்வொர்க் ஸ்விட்ச். இணைய ஒயர்களை ஒன்றுசேர்க்கிற பெட்டி, வேறொன்றுமில்லை. சாதாரணமானது ஒரு வேளை மீன்-சிப்ஸ் சாப்பிடுகிற விலைக்குக் கிடைக்கும். இது இசைக்கென்றே பிரத்தியேகமாகச் செய்ததாம். அந்தக் காசுக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய காரே வாங்கலாம்.

"யோவ், தபால்காரன் புதுச் செருப்பு போட்டா கடுதாசில கையெழுத்து அழகாயிடுமா?" என்றார் நெவில்.

"நக்கலெல்லாம் அப்புறம் வச்சுக்கோ. ஒரு வாரம் கேட்டுப் பாரு. ஒண்ணும் தெரியலன்னா, ஏமாந்துட்டேன்னு சபையில நானே சொல்றேன். தெரிஞ்சா நீ சொல்லணும்."

"சொல்றேன்யா. எனக்கென்ன பயம்?"

மனைவி ரோசலி மகளைப் பார்க்க ஹோபார்ட் போயிருந்தார். நெவில் அலமாரிக்குப் பின்னால் மண்டியிட்டுத் தன் பழைய பெட்டியைக் கழற்றினார். புதுப் பெட்டிக்குத் தகுந்த குண்டு ப்ளக். பக்கத்து ஓட்டையையும் சேர்த்து அடைத்தது. அந்த ஓட்டையில் ஏற்கெனவே ஒரு ஒயர் இருந்தது. சுவரைத் துளைத்துக்கொண்டு துணி துவைக்கும் அறையிலிருந்து வருகிற ஒயர். வாஷிங் மெஷினாக இருக்கும்; ரோசலி இல்லாதபோது இந்த வீட்டில் யார் துவைக்கப்போகிறார்கள்? பிடுங்கிப் போட்டார். பிடித்த பியானோ இசையை இணையத்திலிருந்து ஓடவிட்டு, சிரிக்கத் தயாராக நாற்காலியில் சாய்ந்தார்.

சிரிப்பு வரவில்லை. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே அப்படியொரு அமைதி! வாசிக்கிறவர் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது.

"அடப்பாவி!" என்றார் தனக்குத்தானே.

சும்மா விடுகிற ஆளா? முறைப்படி சோதித்தார். பழைய பெட்டியை மாட்டும்போதெல்லாம், எல்லாம் முன்பு இருந்தபடியே இருக்கவேண்டும் அல்லவா, அந்தப் பக்கத்து ப்ளக்கையும் மறக்காமல் செருகினார். அமைதி போனது. புதியதை மாட்டினார், வந்தது. எத்தனை முறை மாற்றினாலும் இதே கதைதான். அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் கேட்டுத் தொலைத்துவிட்டதே!

சனிக்கிழமை சபையில் எழுந்தார். "எனக்குக் கேட்டுச்சு. இவ்வளவு நாள் நான் பேசினது தப்பு" என்று சொல்லிவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தார். சபையே கைதட்டியது. முகம் கொடுத்துப் பேசாதவர்கள் எல்லாம் வந்து தோளைத் தட்டினார்கள். "நெவிலே சொல்லிட்டாருன்னா அப்புறம் என்ன யோசனை?" என்று பலர் அங்கேயே செல்பேசியை எடுத்து ஆர்டர் போட்டார்கள். அவமானம் பிடுங்கித் தின்ன, நெவில் வீடு வந்து சேர்ந்தார்.

வாசலிலேயே நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஊரிலிருந்து திரும்பியிருந்த ரோசலி, துணி துவைக்கும் அறையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"ஃப்ரீசர் ப்ளக்கை எவன்யா பிடுங்கினது? கிறிஸ்துமஸுக்கு வச்சிருந்த இறால் போச்சு, என் தம்பி பிடிச்சுக் குடுத்த மீனெல்லாம் போச்சு!"

"வாஷிங் மெஷின்னு நினைச்சேன்..."

"நினைச்சாராம் நினைப்பு! கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு நாளாவது இந்த ரூமுக்குள்ள எட்டிப் பாத்திருந்தாத்தானே?"

நெவில் அலமாரிக்குப் பின்னால் புதுப் பெட்டியைக் கழற்றினார். ஃப்ரீசர் ப்ளக்கைச் செருகினார். சுவருக்கு அந்தப் பக்கம் கிழட்டு ஃப்ரீசர் உறுமத் தொடங்கியது. கேட்டுக் கேட்டுக் காதுக்கே பழகிப்போன உறுமல். பழைய பெட்டியை மாட்டி, ஃப்ரீசரை மட்டும் நிறுத்திப் பார்த்தார். அதே அமைதி. பியானோக்காரர் மூச்சு இழுத்தார்.

உடனே டெஸ்மண்டைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"யாரையும் வாங்க வேணாம்னு சொல்லிடுப்பா. அது உன் பெட்டி இல்ல. ஃப்ரீசர் ஓடாததால வந்த அமைதி. சத்தியமாச் சொல்றேன்."



"நெவில், நீ பொய் சொல்ற ஆள் இல்ல. நான் நம்பறேன்."

அப்பாடா! நெவிலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எங்க வீட்டுல ஃப்ரீசர் கிடையாது. உன்னோடது எந்தக் கம்பெனின்னு சொல்லு," என்றார் டெஸ்மண்ட். "நாளைக்கே ஒண்ணு வாங்கி, ப்ளக்கைப் பிடுங்கி வச்சிடறேன்."