பதினொரு வினாடி மௌனம்

நான் லிஃப்ட் மெக்கானிக். கயிறு எத்தனை கிலோ தாங்கும் என்று பார்க்காமல் யாரையும் மேலே அனுப்பமாட்டேன். விண்வெளிக்கு ஆள் அனுப்புகிற எழுத்தாளர்களிடமும் அதையேதான் எதிர்பார்க்கிறேன். இது ஒரு குற்றமா?

விஞ்ஞானக் கதைக்கு நான் ஒரே ஒரு பொய்தான் அனுமதிப்பேன். காலத்தில் பின்னோக்கிப் போ, பரவாயில்லை. போன இடத்தில் உனக்குப் பசிக்க வேண்டும், கால் வலிக்க வேண்டும். நல்ல நாவல் அந்தப் பொய்யை இரண்டே பக்கத்தில் நம்பவைத்துவிடும். நல்ல படக்கதையில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் இருநூறு வருடம் ஓடிப்போயிருக்கும், உறுத்தாது. ஒரு வீடியோ கேமில் ஆளில்லாத நிலவில் மூன்று நாள் சும்மா நடந்துகொண்டே இருந்தேன். சாப்பிடக் கூப்பிட்ட அம்மாவிடம் "ஆக்சிஜன் தீரட்டும், வர்றேன்" என்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சினிமாக்காரர்கள்தான் மோசம். காற்றே இல்லாத இடத்தில் கப்பல் 'டமார்' என்று வெடிக்கும். காற்றில்லாமல் சத்தம் ஏது? எழுந்து நின்று இதைக் கேட்டதற்காக இரண்டு முறை என்னைத் தியேட்டரிலிருந்து கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவனிடம் அக்கா தன் முதல் வானொலி நாடகத்தைக் கொடுத்தாள். பகலெல்லாம் பரிசோதனைக் கூடத்தில் ஊராரின் ரத்தத்தை ஊசியில் இழுப்பவள், ஆறு மாதமாக எழுதியது. விண்கலத்துக்கு வெளியே ரிப்பேர் பார்க்கப் போன ஒருத்தி, கயிறு அறுந்து தனியாக மிதக்கிறாள். இது நன்றாகப் போனால் பதின்மூன்று வாரத் தொடர் தருவதாக வானொலி இயக்குநர் சொல்லியிருந்தார்.

"நல்லா இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லு" என்றாள்.

நான் நாற்பத்து மூன்று தவறு கண்டுபிடித்துக் கொடுத்தேன். கயிறு அறுகிற சத்தம் அதில் முதல் தவறு.

"ரேடியோல சத்தம் இல்லாம எப்படிடா நாடகம் போடறது?"

"அங்கதான்க்கா விஷயமே. கயிறு அறுந்த உடனே எல்லாத்தையும் நிறுத்து. பதினோரு செகண்ட். கேக்கறவனுக்கே மூச்சு முட்டணும்."

"எட்டுக்கு மேல போகாதேன்னு டைரக்டர் சொல்லியிருக்காரு."

"அவருக்கு என்ன தெரியும்? எட்டுல ஒரு பயமும் வராது."

என்னை நம்பினாள். ஒலிப்பதிவாளரிடம் கெஞ்சி மௌனத்தைப் பதினொன்றாக்கினாள்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அப்பா, அம்மா, நான், அக்கா நால்வரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தோம். கதாநாயகி கலத்தின் சுவரைப் பற்றிக்கொண்டு, கீழே பூமியில் இருக்கும் தன் அம்மாவோடு பேசுகிறாள். "நம்ம ஊருக்கு மேல மேகம் வருதும்மா, இங்கேருந்து தெரியுது. கொடியில துணி கிடக்கா? எடுத்துடு." எழுத்தில் படித்தபோது அதில் தவறில்லை என்று தாண்டிப் போயிருந்தேன். இப்போது அப்பாவின் தோள்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அம்மா, கயிறு..." என்றதோடு அவள் குரல் நின்றது. மௌனம். எங்கள் அம்மா கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எட்டாவது வினாடியில் ஒரு மேளச் சத்தம். "வழுக்காது! வழுக்கவே வழுக்காது! உங்கள் குளியலறைக்கு ஏற்ற டைல்ஸ்!"

நாடகம் திரும்ப வரவேயில்லை. டைல்ஸுக்குப் பிறகு வானிலை அறிக்கை வந்தது. அப்பா சிரித்துவிட்டார், பாவம், அடக்கத்தான் பார்த்தார். அக்கா ரேடியோவை அணைத்தாள்.

போன் அடித்தது. இயக்குநர் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. எட்டு வினாடி சத்தம் வராவிட்டால், ஒலிபரப்பு அறுந்துவிட்டதாக நினைத்து நிலையத்து மெஷின் தானாகவே விளம்பரத்தைப் போட்டு, அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடுமாம். "யாரும்மா பதினொண்ணா மாத்தச் சொன்னது?"

அக்கா என்னைப் பார்க்காமலே, "நான்தான் சார்" என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. போனைப் பிடுங்கினேன். "சார், நான் அவங்க தம்பி. நான்தான் மாத்தச் சொன்னேன்."

"நீங்க யாரு, விஞ்ஞானியா?"

"லிஃப்ட் மெக்கானிக் சார்."

"அப்ப போய் லிஃப்டப் பாருங்க. தொடரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது." வைத்துவிட்டார்.

அக்கா கையெழுத்துப் பிரதியைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். அவள் அறைக்குள் போவதற்குள் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"அக்கா, அந்தத் துணி எடுக்கற இடம்... ரொம்ப நல்லா இருந்துச்சு."

"ஆறுதலுக்குச் சொல்லாதடா. உன் வாயில அந்த வார்த்தையே வராது."

ஆயுள் முழுக்கக் குறை சொன்னவன் பாராட்டினால் யார் நம்புவார்கள்?

"இல்லம்மா, நெசந்தான்" என்றார் அப்பா. "இவன் அழுதான். மூக்க என் சட்டையிலதான் தொடச்சான். இங்க பாரு, இன்னும் ஈரம்."

அக்கா வந்து அப்பாவின் தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். பரிசோதனைக் கூடத்துக்காரி, சும்மா நம்பமாட்டாள். பிறகு என் எதிரே உட்கார்ந்து, பிரதியைப் பிரித்து என் முன்னால் வைத்தாள்.

"சரியா எந்த வரியிலடா அழுகை வந்துச்சு?"