பதினேழாம் மூட்டை

"ஆபீசர் வர்றாங்க! பிள்ளைய மறை!"

சலவை ஆலை மேற்பார்வையாளன் கத்தியதும், அங்கே வேலை பார்க்கும் அவள் தன் மகளைத் தூக்கி, கொக்கியில் தொங்கிய பதினேழாம் அழுக்கு மூட்டைக்குள் இறக்கினாள். ஏழு வயது. பள்ளி விடுமுறை, பார்த்துக்கொள்ள ஆளில்லை. விசாவில் இருந்த முத்திரை அரசு உதவி கிடையாது என்றது. கேட்டாலே நாடு கடத்துவார்கள் என்று அவளை மிரட்டி வைத்திருந்தவன் மேற்பார்வையாளன். ஆலைப் பெண்கள் அவனுக்கு வைத்த பெயர் கொதிகலன்.

"மூச்சு விடக் கூடாது, செல்லம்."

"விடாம எப்படிம்மா இருக்கிறது?"

"மெதுவா விடுடி, வாயாடி!"

மதிய இடைவேளை முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஆனால், ஆலை சுறுசுறுப்பாக ஓடுவதாகக் காட்ட நினைத்த கொதிகலன் பொத்தானைத் தட்டிவிட்டான். மூட்டைகள் நகர்ந்தன. ஒவ்வொன்றாய்ச் சலவை இயந்திர உருளையின் வாய்க்கு மேலே போய் நிற்கும். அடி அவிழும். கீழே கொதிக்கும் நீர்.

பதினாலு. பதினஞ்சு.

"நிறுத்துங்க சார்! பாப்பா உள்ள இருக்கா!"

வாசலில் அதிகாரியின் தலை தெரிந்தது. கொதிகலனின் கை அவள் வாயைப் பொத்தியது. "சத்தம் போட்டே, தொலைச்சிடுவேன்! ஆபீசர் போகட்டும்!"

கடித்தாள். பல் எலும்பில் இறங்கியது. அவன் விட்ட குத்தில் மூக்கு உடைந்தது. ரத்தத்தோடு உருண்டவள் கையில் மூட்டை இழுக்கும் இரும்புக்கம்பி சிக்கியது. ஒரே வீச்சு! அவன் முழங்கால் மளுக்கென்றது. அடுத்த வீச்சு, ஆலையை நிறுத்தும் சிவப்புப் பொத்தானுக்கு.

ஆலை நின்றது. பதினேழின் அடி பாதி அவிழ்ந்திருந்தது. ஆவிக்கு மேலே இரண்டு சின்னக் கால்கள் உதறின. அதிகாரியம்மா ஓடிவந்தாள். இரண்டு பெண்களும் சேர்ந்து இழுத்துப் போட்டார்கள்.

"அம்மா, இப்போ மூச்சு விடலாமா?"

அதிகாரியம்மா பிள்ளையின் கால்களைத் தடவிப் பார்த்தாள். "இவளைத் தேடித்தாம்மா வந்தேன். மதியத்துல குழாய்த் தண்ணி குடிச்சே வயித்த நிரப்புறான்னு ஸ்கூல்ல எழுதியிருந்தாங்க. பிள்ளைக்கு நாங்க உதவலாம், முத்திரை தடை இல்லை. ஒரு விடுதியில இடம் சொல்லி வச்சிருக்கேன்."

"நான்?"

"உங்களுக்கு… இடம் இல்லம்மா."

அவள் மகளை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். கம்பியைக் கீழே போடவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. "யார்கிட்ட கேட்கணுமோ கேளுங்க. இங்கயே நின்னு கேளுங்க."

முனகிக்கொண்டு கிடந்த கொதிகலனைத் தாண்டி வந்து, அதிகாரியம்மா போனை எடுத்தாள்.

"ஹலோ, விடுதியா? ஒரு கட்டில் சொல்லியிருந்தேன்ல… ரெண்டாப் போடுங்க. மத்தத நான் பேசிக்கிறேன்."